முழுச்சட்டகக் கேமராக்களில் குவியத் திருத்தம்: ஒரு விமர்சனம்

குவியத் திருத்தம் என்பது, 'குவிந்துவிட்டது' என்று கேமரா அறிவிக்கும் தளத்துக்கும், படத்தில் உண்மையில் தெளிவாக விழுந்திருக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியை ஓர் எண்ணால் ஈடுகட்டும் வசதி ஆகும். நிக்கான் டி3, கேனான் ஈஓஎஸ்-1டி மார்க் 3 ஆகிய கேமராக்கள் வழியாக 2007இல் இது பயன்படுத்துவோர் கைக்கு வந்தது. இரண்டிலும் அளவு ஒன்றுதான்: -20 முதல் +20 வரை. படக்காரர்கள் இதை 'கேலிபரேஷன்' என்கிறார்கள். மங்கலாக விழும் படத்துக்கெல்லாம் இதுவே மருந்து என்ற நம்பிக்கை பரவிவிட்டது. இக்கட்டுரை அந்த நம்பிக்கையைச் சோதிக்கிறது.

பிழை எங்கே பிறக்கிறது

36 × 24 மி.மீ. அளவுள்ள உணரியைக் கொண்டவை ஃபுல் ஃபிரேம் எனப்படும் முழுச்சட்டகக் கேமராக்கள். கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். வகையில் படம் பதியும் இடம் ஒன்று, குவியத்தை அளக்கும் இடம் வேறு. முதன்மைக் கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் சிறிதளவை ஊடுருவ விடுகிறது. அதன் பின்னால் உள்ள துணைக் கண்ணாடி அந்த ஒளியைக் கீழே திருப்பிக் குவிய உணரிக்கு அனுப்புகிறது. லென்ஸிலிருந்து இந்த உணரி வரை உள்ள தூரமும், படம் பதியும் உணரி வரை உள்ள தூரமும் இம்மியும் பிசகாமல் சமமாக இருக்க வேண்டும். எஃப்/1.8 திறப்பில், 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை ஏற்பதாகக் கொண்டால், பொறுத்துக்கொள்ளக்கூடிய பிசகு முன்னும் பின்னும் ஏறத்தாழ 0.05 மி.மீ. மட்டுமே. நோட்டுத்தாள் ஒன்றின் தடிமனில் பாதி! ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் கண்ணாடியிடம் இவ்வளவு துல்லியத்தை எதிர்பார்க்கிறோம் என்பதை நினைத்தால், பிழை வருவதைவிட வராமல் இருப்பதுதான் வியப்பு.

கேனான் ஈஓஎஸ்-1டி மார்க் 3 இதற்குச் சரியான சாட்சி. அது முழுச்சட்டகத்தைவிடச் சற்றுச் சிறிய உணரி கொண்டது. ஆனால் பாடம் பொதுவானது. விளையாட்டுப் படக்காரர்களுக்காக வந்த அந்தக் கேமரா நகரும் பொருளைத் தொடர்வதில் தடுமாறுவதாகப் புகார் எழுந்தது. நிறுவனம் துணைக் கண்ணாடி அமைப்பைச் சரிசெய்து தர வேண்டியதாயிற்று. குவியத் திருத்த வசதியைக் கேனான் முதன்முதலில் கொடுத்ததும் இதே கேமராவில்தான். மெனுவில் எண்ணை மாற்றி அந்தக் கோளாறைத் தீர்த்துவிட முடியவில்லை.

கல்யாண மண்டபத்தில்

பொம்மிடி போன்ற சிற்றூரில் கல்யாணப் படம் எடுப்பவர் பலருக்கும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். தான் பிழைப்பு. 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் வைத்து இரண்டு மீட்டர் தொலைவில் மணப்பெண் முகத்தை எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 செ.மீ. பெரிதாக அச்சிடும் ஆல்பத்துக்குக் கண்டிப்பாகப் பார்த்தால் அதிலும் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். இமைக்குப் பதில் காது தெளிந்துவிட்டால் தாலி கட்டும் நொடியைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியுமா? வீட்டார் பாக்கிப் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் லென்ஸைக் குறை சொல்லி, கடன் வாங்கி வேறு லென்ஸ் வாங்குவார். புதிய லென்ஸிலும் அதே மங்கல் இருந்தால், பிழை லென்ஸில் இல்லை என்பது அப்போதுதான் தெரியும்.

இவருக்குப் பலரும் சொல்லித்தரும் வழி, ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து நடுக்கோட்டில் குவித்து, எந்தக் கோடு தெளிவாக இருக்கிறது என்று பார்ப்பது. இது தவறான முறை. வ்யூஃபைண்டரில் தெரியும் கட்டத்தைவிடக் குவிய உணரி பார்க்கும் பரப்பு பெரும்பாலும் பெரியது. சாய்ந்த ஸ்கேலில் அது எந்தக் கோட்டைப் பிடித்தது என்று நமக்குத் தெரியாது. குறியைக் கேமராவுக்கு நேராக, தட்டையாக வைத்து, அதன் பக்கத்தில்தான் ஸ்கேலைச் சாய்க்க வேண்டும். தொலைவும் முக்கியம். குவியத் தொலைவைப் போல் ஐம்பது மடங்கு என்பது வழக்கமான பரிந்துரை. 85 மி.மீ. லென்ஸுக்கு அது நாலேகால் மீட்டர். மேசை மேல் செய்யும் சோதனை மேசைக்குத்தான் பொருந்தும்.

அதைவிடப் பெரிய குறை, ஒரே ஒரு படம் எடுத்து முடிவு கட்டுவது. ஒவ்வொரு முறையும் குவியத்தைக் கலைத்துவிட்டுப் பத்துப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பத்தும் ஒரே பக்கமாக, ஏறக்குறைய ஒரே அளவு விலகினால் அது திருத்தத்துக்கு உரிய பிழை. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகச் சிதறினால் எந்த எண்ணைப் போட்டாலும் சிதறல் சிதறலாகவே இருக்கும். ஒரு மாணவன் எல்லாக் கணக்கிலும் மீதி எடுக்க மறந்தால் திருத்திவிடலாம். கணக்குக்கு ஒரு தப்புச் செய்பவனுக்கு வேறு வைத்தியம். புத்தகங்களிலும் காணொளிகளிலும் இந்த வேறுபாட்டை விளக்குவோர் குறைவு.

ஓர் எண் ஒரு லென்ஸ் முழுவதற்கும் போதுமா என்பது அடுத்த கேள்வி. ஜூம் லென்ஸின் இரு முனைகளிலும் பிழை வேறுபடலாம். கேனான் 5டி மார்க் 3 (2012) இரு முனைக்கும் தனித்தனி எண் தர அனுமதித்தது. சிக்மா 2013இல் விற்பனைக்குக் கொண்டுவந்த யு.எஸ்.பி. டாக் லென்ஸுக்குள்ளேயே நான்கு தொலைவுகளுக்குத் தனித்தனியாகத் திருத்தம் எழுதியது. இருப்பதில் நேர்மையான தீர்வு இதுவே என்பது என் கருத்து. மண்டபத்து விளக்கின் நிறமும் குவியத்தை நகர்த்தும் என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடி போன பிறகு

கண்ணாடியில்லாக் கேமராக்களில் படம் பதியும் உணரியே குவியத்தையும் அளக்கிறது. இரண்டு பாதை இல்லை. பாதை வேறுபாட்டால் வரும் பிழையும் இல்லை. 2018இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர் திருத்த வசதியையே விட்டுவிட்டது. நிக்கான் இசட் வரிசையில் அது தொடர்கிறது. 'மிரர்லெஸ் வாங்கினால் மங்கலே வராது' என்ற விளம்பரப் பேச்சு மட்டும் மிகை. சேலம்–ஜோலார்பேட்டை பாதையில் விரைந்து வரும் ரயிலைப் பொம்மிடி நடைமேடையிலிருந்து எடுத்துப் பார்த்தால் தெரியும். அங்கே சோதிக்கப்படுவது கேமரா தொடர்ந்து கணிக்கும் திறன். குறைந்த ஷட்டர் வேகத்தால் வரும் மங்கலுக்கும் குவியத்துக்கும் தொடர்பே இல்லை.

காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர்பெற்ற மா. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். தானியங்கிக் குவியம் கிடையாது, கறுப்பு வெள்ளைப் படம்தான். அதை வைத்துப் பழமை பேசுவது நோக்கமன்று. அந்தக் கருவியால் மண்டபத்தில் ஓடி ஓடிக் கல்யாணம் எடுக்க முடியாது. எந்த உறுப்பு என்ன செய்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய மெனு அதை மறைத்துவிடுகிறது.

பழைய கேமரா வைத்திருப்பவர் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முக்காலியில் வைத்து வ்யூஃபைண்டர் வழியாகக் குவித்து ஐந்து படமும், லைவ் வ்யூவில் குவித்து ஐந்து படமும், ஒரே திறப்பில் எடுக்க வேண்டும். லைவ் வ்யூ படங்கள் மட்டும் தெளிவாக இருந்தால் லென்ஸ் குற்றமற்றது. திருத்த எண்ணை முயலலாம். இரண்டுமே மங்கல் என்றால் லென்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எண் +20ஐத் தொட்டும் போதவில்லை என்றால் சேவை மையம்தான். அப்போது கேமராவையும் லென்ஸையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். ஒன்றை மட்டும் அனுப்பினால் தனித்தனியே 'அளவுக்குள் இருக்கிறது' என்று திரும்பி வரவும் வாய்ப்புண்டு.