வேடமும் வேஷமும்

வேடம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கூத்தன் புனைவதும் வேடம். வஞ்சகன் புனைவதும் வேடம். ஒருவரைப் 'பகல் வேஷக்காரர்' என்று பழிக்கும்போது, அப்பெயருக்கு உரிய பகல்வேடக் கலைஞர்கள் ஊர் ஊராக ஆடிப் பிழைத்த எளிய மக்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கலைஞனின் பெயர் கயவனுக்கு வசையாகிவிட்டது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி?

நம் சமுதாயத்துக்கும் இக்கேள்வி புதிதன்று. முஹர்ரம் நாட்களில் புலிவேடமிட்டு ஆடும் வழக்கம் தமிழகத்திலும் தக்காணத்திலும் பரவியிருந்தது. ஜாஃபர் ஷரீஃப் எழுதி, ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலமாக்கி 1832 இல் லண்டனில் வெளிவந்த 'கானூனே இஸ்லாம்' என்னும் நூல் அந்நாளைய முஹர்ரம் வேடங்களை விரிவாக வருணிக்கிறது. துக்கத்தின் நினைவு நாட்களில் கேளிக்கை கலந்ததை உலமாக்கள் கண்டித்தனர். அக்கண்டனத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் வேடக்கலையின் இயல்பு யாது என்பது அதனின் வேறான வினா. அது தனியே ஆராயத்தக்கது.

அரபு மத்ரஸாக்களில் ஓதியோர் ஹரீரியின் 'மகாமாத்'தை அறிவர். ஹிஜ்ரி 516 இல் (கி.பி. 1122) மறைந்த பஸ்ராவின் அப்பேரறிஞர் ஐம்பது மகாமாக்களில் அபூஸைத் என்னும் ஒரே மனிதனைப் பல கோலங்களில் உலவவிட்டார். ஸன்ஆ நகரில் கேட்போர் கண்ணீர் சிந்த உபதேசிப்பவன் அவனே. பின்னர்க் குகையில் மதுவோடு அமர்ந்திருப்பவனும் அவனே. பக்தாதில் பசித்த பிள்ளைகளோடு வரும் கிழவியும் அவன்தான். கூட்டம் ஏமாறுகிறது, கதை சொல்லும் ஹாரிஸ் இப்னு ஹம்மாம் மட்டும் அவனைக் கண்டுகொள்கிறான். நூலின் இன்பம் முழுவதும் 'அட, நீயா!' என்னும் அந்தக் கணத்தில் இருக்கிறது. கண்டுகொள்ளும் ஹாரிஸ் இல்லையேல் அபூஸைத் வெறும் எத்தன். ஹாரிஸ் இருப்பதால் அவன் இலக்கியம் ஆகிறான்.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டே, சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, நியூயார்க் நகரின் ஹாலோவீன் ஊர்வலத்தைக் கண்டேன். ஹாலோவீன் என்பது அக்டோபர் 31. மறுநாள் வரும் கிறித்தவப் புனிதர் திருநாளின் முன்னிரவு. பழைய ஐரோப்பிய நம்பிக்கைகள் பல அதனோடு ஒட்டியுள்ளன. அந்நம்பிக்கைகள் நமக்குரியவை அல்ல. நான் காணச் சென்றது கலையை.

இவ்வூர்வலத்தைத் தொடங்கியவர் ரால்ஃப் லீ என்னும் பொம்மைக் கலைஞர். நாடகங்களுக்காகத் தாம் செய்த முகமூடிகளையும் பெரும் பொம்மைகளையும் தெருவுக்குக் கொணர்ந்து, 1974 இல், கிரீனிச் வில்லேஜ் பகுதியில் தம் பிள்ளைகளோடும் அயலாரோடும் நடந்தார். அடுத்த ஆண்டே நாடக உலகின் ஓபி விருது அவரைத் தேடி வந்தது. கூட்டம் பெருகிக்கொண்டே போயிற்று. 1985 க்குப்பின் லீ விலகிக்கொண்டார். வேறொருவர் பொறுப்பேற்க, ஊர்வலம் ஆறாம் அவென்யூ என்னும் பெருஞ்சாலையில் நிலைபெற்றது. லீ 2023 இல் காலமானார்.

இதன் தலையாய சிறப்பு, வேடமிட்டு வருவோர் எவரும் ஊர்வலத்தில் சேரலாம் என்பது. பலர் சேர்ந்து கோல்களால் தாங்கி ஆட்டும் எலும்புக்கூட்டுப் பொம்மைகள் முன்னே வருகின்றன. தூக்குவோரின் கைகளும் கால்களும் நன்றாகத் தெரிகின்றன. அவற்றை மறைக்க யாரும் முயலவில்லை. என் பேரன் முதலில் அஞ்சினான். கீழே வியர்த்து நடந்த மனிதரைக் கண்டதும் சிரித்தான். அச்சம் நகையாக மாறிய அந்த இடமே இக்கலையின் வெற்றி.

குறைகளும் உண்டு. கடையில் வாங்கிய திரைப்பட நாயகர் உடைகள் மிகுதி. அவற்றை அணிந்தவருள் எவரையும் நினைவில் இருத்த முடியவில்லை. ஆயிரம் பேருக்கு ஒரே முகம். அட்டையை வெட்டி ஒட்டித் தன்னைக் கலங்கரை விளக்கமாக்கிக்கொண்ட ஒரு சிறுமியோ இன்றும் என் கண்ணில் நிற்கிறாள். அடுத்த குறை இரும்புத் தடுப்புகள். பெருங்கூட்டத்தின் பாதுகாப்புக்கு அவை தேவைதாம். ஆனால் காண்போரையும் ஆடுவோரையும் அவை பிரித்துவிடுகின்றன. எங்கள் செக்காலைத் தெருவில் வேடக்காரர் வந்தால், திண்ணையில் இருப்பவர் 'இன்னார் மகன்தானே நீ?' என்று கேட்டுவிடுவார். லீ நடந்த முதல் ஆண்டும் அத்தகையதாகவே இருந்திருக்கும். மாநகரம் வளர வளர, கண்டுகொள்ளும் ஹாரிஸ் குறைந்துபோகிறான். கலை காட்சியாகச் சுருங்குகிறது.

குடும்பத்தோடு தெருக்கலை காண்பது தகுமா என்று கேட்போர் உண்டு. பெருநாள் அன்று அபிசீனியர் ஈட்டியும் கேடயமும் ஏந்தி ஆடியதை, அன்னை ஆயிஷா (ரலி) சலிக்கும்வரை நாயகம் (ஸல்) அவர்கள் காணச் செய்தார்கள் என்னும் நபிமொழியை அவர்கள் நினைவுகூர்வார்களாக. வரம்பு வேண்டும், வாட்டம் வேண்டா.

இனி, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. 2001 இல் கோபுரங்கள் வீழ்ந்த ஏழு வாரங்களில் இவ்வூர்வலம் நடந்தது. சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவையின் பொம்மை அவ்வாண்டு உலா வந்தது. 2017 அக்டோபர் 31 பிற்பகல், அதே நகரில் ஒருவன் மிதிவண்டிப் பாதையில் சரக்குந்தை ஓட்டி எட்டுப் பேரைக் கொன்றான். அவன் உச்சரித்தது நம் மார்க்கத்தின் பெயரை. சில மணி நேரத்தில், காவல் மிகுந்த தெருவில், ஊர்வலம் வழக்கம்போல் புறப்பட்டது.

அந்த நாளில் அந்நகரில் உண்மையான வேஷக்காரன் யார்? எலும்புக்கூட்டைத் தூக்கியவன் 'நான் வேடம்' என்று அறிவித்தே வந்தான். குழந்தையும் அதை அறிந்தது. கொன்றவனோ பக்தியை முகமூடியாக்கினான். அதை முகம் என்றே உலகம் நம்பவேண்டும் என விரும்பினான். மார்க்கம் நிஃபாக் என்று பெயரிட்டு எச்சரிக்கும் நயவஞ்சகமும் இவ்வழியே செல்வது: கண்டுகொள்ளப்படுவதே அதற்குத் தோல்வி. கலைக்கோ கண்டுகொள்ளப்படுவதே நிறைவு.

ஹரீரி தம் ஐம்பதாவது மகாமாவில் அபூஸைதை பஸ்ராவில் மனந்திருந்தச் செய்தார். அவனைக் கண்டுகொள்ள ஒருவன் இறுதிவரை உடன் இருந்தான். வேடங்களை அஞ்சுவோர் முதலில் கற்கவேண்டியது அக்கண்டுகொள்ளும் கண்ணையே.