பத்தாண்டு தாங்கும் சிவப்பு

பிரான்சின் போர்தோவில் 1855ஆம் ஆண்டு ஒயின் தரவரிசையில் இடம்பிடித்த பண்ணைகளின் ஒயின் பல பத்தாண்டுகள் தாங்கும். அவற்றின் விலையைக் கேட்டதுமே வீட்டில் நிலவறை வைக்கும் ஆசையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விட வேண்டியதில்லை. சிவப்பு ஒயின் நீண்ட நாள் நிற்கத் துவர்ப்பும் புளிப்பும் வேண்டும். இரண்டுக்கும் ஈடுகொடுக்கப் பழச்சுவை வேண்டும். அதிகம் பேசப்படாத ஊர்களிலும் இவை மூன்றும் சேர்ந்து கிடைக்கின்றன.

முதலில் நான் சொல்லும் ஊர் மதிரான். பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலைகளை ஒட்டிய பகுதி. அங்கே விளையும் டன்னாட் திராட்சைக்குத் தோல் தடிப்பு, துவர்ப்பு ஏராளம். இளம் மதிரானை ஒரு வாய் குடித்தால் நாவல்பழம் தின்றதுபோல நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்கும். இந்த முரட்டுத்தனத்தைத் தணிக்கத்தான் 1990களின் தொடக்கத்தில் அவ்வூர் ஒயின்காரர் பாட்ரிக் டுக்கூர்னோ, ஒயினுக்குள் சிறுகச் சிறுக ஆக்சிஜன் செலுத்தும் முறையைக் கண்டார். காலமும் துவர்ப்பைத் தணிக்கும், நிதானமாக. துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி வண்டலாகப் படியும். ஊதா கலந்த நிறம் செங்கல் சிவப்பாகும். பழவாசனை பின்வாங்க, பதனிட்ட தோல், புகையிலை, ஈரக் காட்டுத்தரை என்று மணங்கள் ஒவ்வொன்றாக எழும். இந்த மாற்றத்தைக் கூடவே இருந்து பார்ப்பதுதான் ரசனை. விலை கைக்கெட்டுவதாக இருந்தால் ஒரே ஒயினில் ஆறு புட்டி வாங்கலாம். ஒன்றை உடனே திறந்து குறிப்பு எழுதுங்கள். பிறகு இரண்டாண்டுக்கு ஒன்று.

தென் பிரான்சின் பாந்தோல் சிவப்பும் அப்படி நீண்ட நாள் தாங்குவதே, அதில் குறைந்தது பாதி மூர்வேத்ர் திராட்சை. பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் விளையும் நல்ல ஷினோன் ஒயினைப் புளிப்பு காப்பாற்றும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஸ்பெயினின் ரியோஹா கிரான் ரிசர்வா: 5 ஆண்டு முதிர்ந்த பிறகே விற்பனைக்கு வரும்.

வாங்குமுன் ருசி பார்க்க முடிந்தால், விழுங்கியபின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். துவர்ப்பு அடங்கியபின்னும் பழம் மிஞ்சினால் அது வைக்கத் தகுந்தது. ஜாம்போல இனித்துக் குழைவது இப்போதே குடிக்க வேண்டியது. ஓக் மர வாசனையை நம்பி எதையும் வாங்காதீர்கள். விலை குறைந்த ஒயினிலும் அதை ஏற்றிவிடலாம்.

நிலவறையில் 12 முதல் 14 டிகிரி வெப்பம் சீராக இருக்கட்டும். வெளிச்சம் படாமல், கார்க் காயாதபடி புட்டியைப் படுக்க வையுங்கள். வெயில் ஊர்களில் அலமாரி உதவாது. ஒயினுக்கென்றே விற்கும் குளிர்பெட்டி வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் ஒயின் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

முதிர்ந்த புட்டியைத் திறப்பதற்கு முதல்நாளே நிமிர்த்தி வைத்துவிடுங்கள். புட்டியின் கழுத்துக்குப் பின்னால் விளக்கை வைத்துக்கொண்டு மெல்லக் கண்ணாடிக் கூஜாவில் சாய்த்து ஊற்றுங்கள். வண்டல் தெரிந்ததும் நிறுத்திவிடலாம்.