அனுமதியை நிறுத்தினால் குப்பை நிற்குமா?

குப்பைக் கிடங்கு வருகிறது என்று தெரிந்தால் எந்த ஊரும் கொதிக்கும். ஊர் ஊராகப் போராடுவதை விட, புதிய கிடங்குக்கு இனி அனுமதி இல்லை என்று மாநிலமே சட்டம் போட்டுவிட்டால் என்ன? கேட்க நன்றாக இருக்கும் இந்த யோசனை தமிழ்நாட்டு மண்ணில் என்ன விளைவைத் தரும் என்பதே கேள்வி.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா சட்டமன்றம் 2006 ஆகஸ்டில் புதிய குப்பைத் தளங்களுக்கு அனுமதி தருவதை ஓராண்டுக்கு நிறுத்தியது. கடலோரத் தாழ்நிலங்களில் ராட்சதத் தளங்கள் அமைக்க நிறுவனங்கள் வரிசையில் நின்ற நேரம் அது. கெடு முடிவதையொட்டி அடுத்த சட்டம் தயாரானது. தேசிய வனவிலங்குப் புகலிடத்துக்கு 5 மைலுக்குள்ளும் மாநிலப் பூங்காவுக்கு 2 மைலுக்குள்ளும் தளம் கூடாது என்றும், கொட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 2 டாலர் வரி என்றும் 2007இல் விதித்தார்கள். அங்கே நிறுத்தம் பலித்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. முடிவுத் தேதி இருந்தது. அதற்குள் முடிக்க வேண்டிய வேலை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதிச் சீட்டுக்கு மதிப்பு இருந்தது.

திண்டுக்கல் மாவட்டத்தின் அய்யலூர் போன்ற பேரூராட்சியில் இந்த யோசனையை வைத்துப் பார்க்கலாம். திருச்சி–திண்டுக்கல் நெடுஞ்சாலை, ரயில் பாதை, மலை, காப்புக்காடு, இடையிடையே குளங்களும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் என்று அமைந்த ஊர் இது. திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022 அக்டோபரில் 11,806 ஹெக்டேரில் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டதும் இந்த வட்டாரத்தில்தான். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் குப்பைத் தளத்தை ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும் தள்ளி வைக்கச் சொல்லின. இத்தனையையும் வரைபடத்தில் கழித்த பின் கண்ணில் படுவது பெரும்பாலும் மேய்ச்சல் நிலமாகவே இருக்கும். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊரில் மேய்ச்சல் நிலம் லேசான இழப்பு அல்ல. ஆகவே, நிறுத்தம் வேண்டும் என்பவர்களின் கவலை நியாயமானது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விதிப்படியான தளம் என்றால் அடியில் 90 சென்டிமீட்டர் இறுகிய களிமண், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் பாலிஎதிலீன் விரிப்பு, கசிவுநீரைச் சேகரிக்கக் குழாய்கள் எல்லாம் வேண்டும். தளத்தின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர் இருக்க வேண்டும். சென்னையின் பெருங்குடியும் கொடுங்கையூரும் அப்படி உருவானவை அல்ல; லாரிகள் கொட்டக் கொட்ட வளர்ந்தவை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்ற பெருங்குடிக் குப்பை மேட்டை இன்று பயோமைனிங் செய்து, அதாவது தோண்டிப் பிரித்தெடுத்து, கரைக்க வேண்டியிருக்கிறது. அனுமதியை நிறுத்தும் சட்டம், அனுமதி கேட்டு விண்ணப்பிப்பவரைத்தான் தடுக்கும். ஓடை ஓரத்தில் டிப்பரைத் திருப்பிச் சாய்ப்பவர் எவரிடமும் விண்ணப்பிப்பதில்லை.

கதவை மூடினால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே சான்று உண்டு. 2011 டிசம்பரில் விளப்பில்சாலை மக்களும் ஊராட்சியும் திருவனந்தபுரத்தின் குப்பை ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்த நெருக்கடிதான் நகரத்தை வீட்டு உரத்தொட்டிகளுக்கும் வார்டு அளவிலான காற்றோட்டத் தொட்டிகளுக்கும் தள்ளியது. இது பெரிய ஆதாயம். கூடவே தெருமுனைகளில் குப்பை எரிந்தது; கால்வாய்களில் குவிந்தது. 2024 ஜூலையில் நகரின் ஆமையிழஞ்சான் ஓடையில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் திருநெல்வேலிக் கிராமங்களில் கிடந்தன. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே கேரளா அவற்றைத் திரும்ப அள்ளிச் சென்றது. மருத்துவக் கழிவுக்குத் தனி விதிகள் உண்டு, உண்மை. ஆனாலும் இடம் கிடைக்காத கழிவு காவல் இல்லாத எல்லையைத் தேடிப் போகும் என்பது அதில் தெரிந்தது.

சட்டத்தில் "புதிய" தளம் என்று மட்டும் எழுதினால் பழைய மேடுகள் தப்பிவிடும். புதிதாக இடம் கிடைக்காத ஊர் இருக்கிற மேட்டையே உயர்த்தும். கொழும்பை ஒட்டிய மீதொட்டமுல்லையில் அப்படி உயர்ந்த குப்பை மலை 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், வீடுகள்மேல் சரிந்து 30க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

கிடங்குக்குப் போவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். அய்யலூர் தக்காளிச் சந்தையில் விலை விழுந்த நாளில் கழித்துப் போடப்படும் 14 கிலோ பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 13 கிலோ தண்ணீர். பிளாஸ்டிக்கோடு சேர்த்து அதை மேட்டில் புதைத்தால் காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகும்; மிச்சம் கசிவுநீராகிக் கிணற்றை நோக்கி இறங்கும். சந்தைக்குப் பக்கத்திலேயே ஆட்டுப் புழுக்கையோடும் காய்ந்த தழையோடும் சேர்த்து மட்கவைத்தால் சில வாரங்களில் தோட்டத்துக்கு உரம். இந்தச் சரக்கு குப்பைத் தளத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பிரித்துக் கையாண்ட பிறகு மிஞ்சும் உடைசல், மண், எதற்கும் உதவாத எச்சம் ஆகியவற்றுக்குத்தான் தளம் தேவை. அதைப் பல பேரூராட்சிகள் சேர்ந்து ஒன்றாகவே அமைக்க முடியும்.

நெருக்கடி வந்தால்தான் நிர்வாகம் அசையும், ஆகவே நிறுத்தமே நல்ல நெருக்கடி என்று வாதிடலாம். ஆனால் நம்மிடம் கெடுக்களுக்குப் பஞ்சமில்லை. பொதுத் தளம் அமைக்க 3 ஆண்டு, பழைய மேடுகளைச் சீரமைக்க 5 ஆண்டு என்று 2016 விதிகள் கொடுத்த அவகாசம் 2021லேயே தீர்ந்துவிட்டது. 2026இல் வந்த புதிய விதிகள் வீட்டிலேயே நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. பிரிக்காமல் தளத்துக்கு அனுப்பும் உள்ளாட்சிக்குக் கூடுதல் கட்டணம் விதிக்கின்றன. கலப்புக் குப்பை வந்து சேரும் இடத்திலேயே வலிக்கச் செய்யும் இந்த வழி, விண்ணப்பத்தை மட்டும் தடுக்கும் சட்டத்தை விடக் கூர்மையானது.

எனவே, வெறும் அனுமதி நிறுத்தச் சட்டத்தை நான் ஏற்க மாட்டேன். அது ஒழுங்காகக் கட்ட வருபவரைத் தண்டித்து, திருட்டுத்தனமாகக் கொட்டுபவருக்கு வழிவிடும். மூன்று நிபந்தனைகளோடு வந்தால் ஆதரிப்பேன். முதலாவது, நிறுத்தம் ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது. நீட்டிக்க வேண்டுமானால் சட்டமன்றமே விவாதித்து நீட்டிக்க வேண்டும். இரண்டாவது, பழைய மேடுகளில் புதிதாகக் கொட்டுவதும் தடையில் அடங்க வேண்டும். பிரித்த பின் மிஞ்சும் எச்சத்துக்கான பொதுத் தளத்துக்கு விலக்கு வேண்டும். மூன்றாவது, அந்த ஓராண்டுக்குள் சிறிய ஊர்களின் சந்தைகளில் உரக்கூடமும் அதை நடத்தத் தூய்மைப் பணியாளர்களும் அவர்களுக்கு முறையான சம்பளமும் அரசுச் செலவில் வர வேண்டும். இவற்றில் மூன்றாவது நிறைவேறாவிட்டால் முதலிரண்டும் காகிதத்தோடு சரி.