தேய்வதற்கென்றே ஒரு துண்டு

பழைய மோட்டோகிராஸ் வண்டியை ஒருவர் பெருமையோடு காட்டும்போது, பார்க்க வந்தவர்கள் டேங்கின் நிறத்தையும் எஞ்சின் ஃபின்களையும்தான் மெச்சுவார்கள். எனக்குக் குனிந்து பார்க்க வேறு இடம் உண்டு. பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மில், பிவட் போல்ட்டை ஒட்டி ஒரு நைலான் துண்டு சேணம் மாதிரி உட்கார்ந்திருக்கும். செயின் ஸ்லைடர் என்பார்கள். வண்டியை வைத்திருந்தவரின் லட்சணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

இது எதற்கு? முன் ஸ்ப்ராக்கெட் ஓரிடத்தில், ஸ்விங் ஆர்ம் ஆடும் பிவட் அதற்குச் சற்றுப் பின்னால். முன் ஸ்ப்ராக்கெட், பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் முறுக்காக இருக்கும். சக்கரம் அந்தக் கோட்டைவிட்டு மேலே போனாலும் கீழே போனாலும் தொய்யும். முறுக்கான நிலையில் அறுந்துவிடாதபடி முன்கூட்டியே லூஸ் விட்டாக வேண்டும். அந்த லூஸ்தான் ஸ்விங் ஆர்மில் போய் அடிக்கிறது.

1970களின் தொடக்கத்தில் பின்சக்கரம் ஏறி இறங்கிய தூரம் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர். அந்தத் தூரத்தைக் கூட்ட வழிவிட்ட, பெல்ஜியத்துப் பொறியாளர் லூசியன் டில்கன்ஸின் ஒற்றை ஷாக் அமைப்பை யமஹா எடுத்துக்கொண்டது; 1973இல் ஹோகன் ஆண்டர்சன் அதில் ஓட்டி 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். பிறகு யார் விடுவார்கள்? பத்தாண்டு முடிவதற்குள் அந்த 100, 300ஐத் தொட்டது. வண்டி குதித்துச் சக்கரம் தொங்கும்போது ஸ்விங் ஆர்ம் சரிந்து இறங்க, செயினின் மேல் ஓட்டம் அதன்மேல் படுத்து உரசும். மணல் ஒட்டிய செயினுக்குச் சில மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக் குழாய் ஒரு பொருட்டே இல்லை. நடுவே அறுபட்டு, வெல்டிங் வைத்து, கிரைண்டர் ஓட்டி, பெயின்ட் பூசி மறைத்த ஸ்விங் ஆர்ம்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது.

வேறு வழிகளும் உண்டு. 1961 முதல் மைசூரில் தயாரான ஜாவா வண்டியில் செயினை முழுக்கத் தகரக் கவருக்குள் அடைத்திருப்பார்கள். சாலைக்கு அழகான ஏற்பாடுதான். ஆனால் செயின் தளர்ந்தால் உள்ளே தடதடக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பி.எம்.டபிள்யூ தன் ஜி 450 எக்ஸில் முன் ஸ்ப்ராக்கெட்டையும் பிவட்டையும் ஒரே அச்சில் வைத்துத் தொய்வுப் பிரச்சினையையே இல்லாமல் செய்தது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் முன் ஸ்ப்ராக்கெட் மாற்ற பிவட்டையே உருவ வேண்டும். என் ஓட்டு அந்த நைலான் துண்டுக்கே. உரசலைத் தடுக்க அது மெனக்கெடுவதில்லை. இரும்புக்கு வர வேண்டிய தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது.

பழைய வண்டிக்கு அசல் ஸ்லைடர் கிடைக்காது. கிடைத்தாலும் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். ஆகவே செய்துகொள்ள வேண்டும், அங்கேதான் கைத்திறன் வருகிறது. வழுக்கும் பொருள் என்றதும் பலர் டெஃப்லானைத் தேடுவார்கள். வேண்டாம், வழுக்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். ரப்பர் சத்தத்தை அடக்கும், ஆனால் சாதாரண ரப்பர் செயின் எண்ணெயில் ஊறிப் பொதபொதத்துவிடும். நிலக்கரியும் தானியமும் சரியும் தொட்டிகளுக்கு உள்ளே பதிக்கிறார்களே, யு.எச்.எம்.டபிள்யூ என்கிற வெள்ளைப் பாலிஎத்திலீன் பலகை, அதற்கு இணை இல்லை. பசை மட்டும் ஒட்டாது.

நல்ல லேத் பட்டறையில் மில்லிங் மெஷினில் அதைக் குடைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெள்ளைச் சுருள்கள் நூல் நூலாகப் பறக்கும். கைதேர்ந்தவர் அடிப்பக்கத்தை ஸ்விங் ஆர்மின் வளைவுக்கே இழைத்து, இடைவெளி இல்லாமல் உட்கார வைப்பார். செயினின் மேல் ஓட்டம் பின்னிருந்து முன்னே வருவதால், மேலே பின் விளிம்பைச் சரிவாக இழைப்பார். கீழ்ப்பக்கம் முன் விளிம்பை. நேர் விளிம்பாக விட்டால் லிங்க் போய் முட்டும். ஸ்குரூ பக்கவாட்டில்தான். செயின் ஓடும் முகத்தில் ஸ்குரூ வைத்தவரிடம் இன்னொரு வேலை கொடுக்காதீர்கள். ஸ்விங் ஆர்மில் புதுத் துளை போடுகிறவரிடம் வண்டியையே கொடுக்காதீர்கள்.

தேய்ந்த ஸ்லைடரில் இரண்டு இணைக் கோடுகள் விழுந்திருக்கும், நடுவில் ஒரு மேடு. செயினின் பக்கத் தகடுகள் அறுத்த தடம் அது. ரோலர்கள் மேலே நிற்பதால் நடுப்பகுதி தப்பிக்கிறது. இரண்டும் ஒரே ஆழம் என்றால் சக்கரம் நேராக இருக்கிறது. ஒன்று மட்டும் ஆழம் என்றால் ஸ்ப்ராக்கெட் வரிசையைப் பாருங்கள். பிவட் பக்கம் தேய்வது இயல்பு; அதைத் தாண்டிப் பின்னால் வெட்டு நீண்டிருந்தால் செயினைத் தொளதொளவென்று விட்டு ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். பழைய துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதிதில் எங்கே கனம் கூட்ட வேண்டும் என்பதற்கு அதுதான் வரைபடம்.

ஒரு சங்கடம் உண்டு. ஸ்லைடருக்கும் இரும்புக்கும் நடுவே சேறு புகுந்தால் ஈரம் அங்கேயே தங்கிவிடும். செயினிடமிருந்து காப்பாற்றிய இடத்தையே துரு அரிக்கும். அதனால் செயின் மாற்றும்போதெல்லாம் ஸ்லைடரையும் கழற்றி, அடியைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவிப் பூட்டுவது வழக்கம். பத்து நிமிட வேலை.