எல்லை வாசலும் தொற்று விதிகளும்

ஆப்பிரிக்காவின் வெப்ப தேசங்களுக்கோ தென் அமெரிக்காவின் சில பகுதிகளுக்கோ பிரயாணம் போகிறவர்கள், புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக, சென்னைவாசிகளானால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற இடத்துக்குச் சென்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அதற்கு அத்தாட்சியாகத் தரப்படும் சிறு மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்திக்கொள்வது பல்லாண்டு வழக்கம். அந்தப் புத்தகத்தைத் தம் சுதந்திரத்தின்மீது விழுந்த அடியாக எண்ணி நீதிமன்றத்துக்குப் போனவர்களைப்பற்றி நாம் கேள்விப்படுவதில்லை; அதைக் காரணமாக வைத்து இரண்டு அரசாங்கங்கள் ஒன்றை ஒன்று பழிவாங்குவதும் மிக அரிது. ஆனால் 2020 முதல் 2023 வரை கொரோனாவின் பெயரால் உலகத்தின் விமான நிலையங்களில் எழுந்த நிபந்தனைகளோ, வழக்குகளையும் வசவுகளையும் ராஜ்யங்களுக்கிடையே மனஸ்தாபங்களையும் விளைத்துவிட்டு மறைந்தன. இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்த விதிகள்தாமே. ஒன்றை ஜனங்கள் முணுமுணுப்பின்றி ஏற்க, மற்றொன்று ஏன் இத்தனை கசப்பை உண்டாக்கியது என்பதை ஆராய்வது, அடுத்த தொற்று வருமுன் செய்துகொள்ள வேண்டிய காரியங்களுள் ஒன்று.

மஞ்சள் காய்ச்சல் விதியின் அடித்தளத்தை முதலில் பார்ப்போம். இந்தியாவில் அந்த வியாதி இல்லை. ஆனால் அதைப் பரப்ப வல்ல ஏடிஸ் ஈஜிப்டி கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் தெருக்கள்தோறும் இருக்கிறது. ஆகவே நோய்க்கிருமியை உடம்பில் தாங்கிய ஒரே ஒரு பிரயாணி வந்து இறங்கினாலும் பெருங்கேடு விளையக்கூடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. மாக்ஸ் தைலர் என்னும் விஞ்ஞானி ஆக்கியதும், 1951இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததுமான தடுப்பு மருந்து, ஒரு முறை போட்டுக்கொண்டால் ஏறக்குறைய எல்லாருக்கும் ஆயுள் முழுவதும் காப்பளிப்பது. சான்றிதழும் 2016 ஜூலை 11 முதல் ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது. நோய் உடம்பில் மறைந்திருக்கக்கூடிய காலம் ஆறு நாள் என்பது நிர்ணயமான விஷயமாதலால், சான்றிதழ் இல்லாமல் வந்தவரை ஆறு நாளுக்குமேல் நிறுத்திவைக்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நைஜீரியாவில் எழுதிய புத்தகமும் பிரான்சில் எழுதிய புத்தகமும் ஒரே படிவம், ஒரே மதிப்பு. நோய் உள்நாட்டில் இல்லாமை, ஊசி தொற்றையே தடுத்தல், காவலுக்கு ஒரு முடிவுநாள், எல்லாத் தேசத்தாருக்கும் ஒரே அளவுகோல் என்ற இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு கொரோனா விதிகளை நிறுத்துப் பார்த்தால், அவற்றின் பலமும் பலவீனமும் தாமே புலப்படும்.

பலத்தை முதலில் ஒப்புக்கொள்வதே நியாயம். எல்லையை அடைப்பதால் ஒரு பயனும் இல்லை என்று தொற்றின் தொடக்கத்தில் உரக்கச் சொன்னவர்கள் நியூஸிலாந்துக்கு என்ன சமாதானம் சொல்வார்கள் என்று தெரியவில்லை. அந்நாடு 2020 மார்ச் 19இல் அந்நியருக்கு வாசலை அடைத்தது; திரும்பி வந்த தன் பிரஜைகளையும் 14 நாள் விடுதிகளில் காவலில் வைத்தது; ஐம்பது லட்சம் ஜனத்தொகையில் 2021 முடிவுவரை ஐம்பது பேர் அளவிலேயே கொரோனாவுக்குப் பலி கொடுத்தது. வாசலை அடைத்ததைவிட முக்கியமான சங்கதி, அடைத்ததால் கிடைத்த காலத்தை அவர்கள் வீணாக்கவில்லை என்பது. 2021 டிசம்பருக்குள் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இரண்டு தவணை ஊசியும் போட்டு முடித்த பிறகே வைரஸைப் பெருமளவில் சந்தித்தார்கள். வூஹான் நகரத்தை அடைத்ததைக் குறித்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே வேறு விதத்தில் காட்டிற்று: அந்த அடைப்பு சீனாவுக்குள் தொற்றை மூன்று முதல் ஐந்து நாள் மட்டுமே தாமதப்படுத்தியது, பிற தேசங்களுக்கு நோய் ஏற்றுமதியாவதைப் பிப்ரவரி நடுப்பகுதிவரை நூற்றுக்கு எண்பது பங்கு அளவில் குறைத்தது, ஆனால் உள்ளூரில் பரவலைக் குறைக்கும் முயற்சியும் கூடவே நடக்காவிட்டால் பிரயாணத் தடைகளின் பலன் சொற்பமே என்பது அதன் முடிவு. எல்லை விதி நமக்குக் காலத்தை வாங்கித் தருகிறது. அதைக்கொண்டு என்ன செய்தோம் என்பதில்தான் அதன் மதிப்பு அடங்கியிருக்கிறது.

பல அரசாங்கங்கள் ஒன்றும் செய்யவில்லை. வாசலையும் பாதிதான் அடைத்தன. 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து வரும் அந்நியரைத் தடுத்த அமெரிக்கா, ஐரோப்பாவை மார்ச் நடுப்பகுதிவரை திறந்தே வைத்திருந்தது. நியூயார்க்குக்குத் தொற்றுப் பெரும்பாலும் ஐரோப்பா வழியாகவே வந்தது என்பது பின்னர் மரபணு ஆராய்ச்சியில் தெரிந்தது. தடை அறிவிக்கப்பட்டதும் பதறியடித்துத் தாயகம் திரும்பிய ஆயிரக்கணக்கானோர், சிகாகோ முதலிய விமான நிலையங்களில் மணிக்கணக்காக ஒருவரோடொருவர் நெருக்கியடித்து நிற்க நேர்ந்ததால், தொற்றைத் தடுக்கப் பிறந்த விதியே தொற்றுக்குத் தோதான கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தது. பிரிட்டனோ, 2021 ஏப்ரல் 9இல் பாகிஸ்தானையும் வங்காள தேசத்தையும், வருகையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சிவப்புப் பட்டியலில் வைத்தது. இந்தியாவில் அலை உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தும் 23ஆம் தேதிவரை அதை வெளியே விட்டிருந்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே நான்கு நாள் அவகாசமும் கொடுத்தது. இந்திய அலையின் டெல்டா உருமாற்றம் மே மாதத்துக்குள் பிரிட்டனில் மேலோங்கிவிட்டது. நான்கு நாள் அவகாசம் பிரயாணிக்கு இரக்கம் காட்டியதாகத் தோன்றலாம். வைரஸும் அதே விமானங்களில்தான் ஏறிற்று.

உறுதியான காவல்கூட ஓரிடத்தில் கசிந்தால் எத்தனை விலை கேட்கும் என்பதற்கு மெல்பர்ன் நகரம் சாட்சி. 2020இல் அங்கே இரண்டாம் அலையில் 768 பேர் இறந்தார்கள். விடுதிக் காவலிலிருந்து நழுவிய கிருமியே ஏறக்குறைய அந்த அலை முழுவதற்கும் மூலம் என்று விசாரணை அறிக்கை கண்டது.

இனிப் பரிசோதனையின் கதை. புறப்படுவதற்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் உள்ளே விடலாம் என்பது பல தேசங்கள் கைக்கொண்ட விதி. மாதிரி எடுத்த கணத்தில் தொண்டையில் கண்டுபிடிக்கத்தக்க அளவு கிருமி இல்லை என்பதற்கு மேலாக எதையும் அந்தத் தாள் சொல்வதில்லை. நேற்றுத் தொற்றியவரை அது விட்டுவிடும், நாளை தொற்றப் போகிறவரையும் விட்டுவிடும். 2021 நவம்பர் 26இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆம்ஸ்டர்டாமில் இறங்கிய இரண்டு விமானங்களிலிருந்த சுமார் 600 பிரயாணிகள், தடுப்பூசிச் சான்றோ பரிசோதனைச் சான்றோ காட்டி ஏறியவர்களே. இறங்கியதும் சோதித்ததில் 61 பேருக்குத் தொற்று இருந்தது. இதைக்கொண்டு பரிசோதனையே வீண் என்று சொல்லிவிட முடியாது. வந்து இறங்கியபின் ஒரு சோதனை, சில நாள் தனித்திருத்தல், பிறகு மறு சோதனை என்று மூன்றையும் சேர்த்தால் அது நல்ல சல்லடை. புறப்படுமுன் எடுக்கும் ஒற்றைச் சோதனையை மட்டும் அனுமதிச் சீட்டாக ஆக்கியதுதான் பிழை. அது நோயாளியைப் பிடித்ததைவிட ஆய்வுக்கூடங்களின் வருமானத்தைப் பெருக்கியது அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஐக்கிய அரபு நாடுகளுக்குத் திரும்பிய நம் தொழிலாளர்கள், ஒரு பி.சி.ஆர். சான்று கையில் இருக்கும்போதே, விமானம் ஏறுவதற்குச் சில மணி முன்னதாக விமான நிலையத்திலேயே சில ஆயிரம் ரூபாய் கொடுத்து இன்னொரு துரித சோதனையும் செய்துகொள்ள வேண்டியிருந்ததை நினைவுகூரலாம்.

அனுமதிக்காக அல்லாமல் அறிவுக்காகச் செய்யும் பரிசோதனைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமும் இல்லை, பலனோ அதிகம். அமெரிக்காவில் 2021 செப்டம்பரில் தொடங்கிய ஒரு திட்டத்தில், வந்து இறங்கும் பிரயாணிகளில் விருப்பமுள்ளோர் பெயர் சொல்லாமல் மூக்கிலிருந்து மாதிரி கொடுத்துவிட்டுத் தம் வழியே போகலாம். பி.ஏ.2.86 என்ற புதிய உருமாற்றம் 2023 ஆகஸ்டில் ஜப்பானிலிருந்து வந்த ஒருவரிடம் கண்டுபிடிக்கப்பட்டது இவ்வாறுதான். யாரையும் தடுக்கவில்லை, யாரிடமும் காசு வாங்கவில்லை. வைத்தியர்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்தது.

தடுப்பூசிச் சான்றிதழ் விஷயத்தில் நியாயமும் அநியாயமும் பின்னிக் கிடக்கின்றன. ஊசி போட்டுக்கொண்டவர் கடும் நோய்வாய்ப்பட்டு அந்நிய ஊர் ஆஸ்பத்திரியில் படுக்கையை அடைப்பது அரிது. தொடக்கத்தில் அவர் நோயைப் பரப்புவதும் ஓரளவு குறைந்தே இருந்தது. ஆகவே 2021இல் அந்நிபந்தனைக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த ஊசி ஊசியாகும் என்று நிர்ணயிக்கும் அதிகாரம் ஒவ்வொரு தலைநகரத்துக்கும் தனித்தனியே போய்ச் சேர்ந்ததும், விஞ்ஞானம் விலகி ராஜதந்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக்ஸ்போர்டில் உருவாகி, புனே நகரத்து சீரம் இன்ஸ்டிடியூட்டில் தயாராகி, உலக சுகாதார ஸ்தாபனத்தால் 2021 பிப்ரவரியிலேயே அங்கீகரிக்கப்பட்ட கோவிஷீல்டு மருந்தில் ஏறத்தாழ ஐம்பது லட்சம் தவணைகளைப் பிரிட்டன் தன் ஜனங்களுக்கே போட்டிருந்தது. அப்படியிருந்தும், அக்டோபர் 4 முதல் அமலாகவிருந்த அதன் புதிய விதிகளின்படி, அதே மருந்தை இந்தியாவில் இரண்டு முறை போட்டுக்கொண்டவர் ஊசியே போடாதவராகக் கருதப்பட்டுப் பத்து நாள் தனித்திருக்க வேண்டும். ஆட்சேபம் எழுந்ததும் மருந்தின் பெயரைப் பட்டியலில் சேர்த்து, குறை சான்றிதழில் என்று சொன்னார்கள். இந்தியாவும் பதிலுக்கு அக்டோபர் 4 முதல் பிரிட்டிஷ் பிரஜைகளுக்குப் பத்து நாள் தனிமை விதித்தது. 11ஆம் தேதி பிரிட்டன் இறங்கி வந்தது. 13ஆம் தேதி இந்தியா தன் விதியை விலக்கிக்கொண்டது. அந்தப் பத்து நாளில் வைரஸின் குணம் எதுவும் மாறிவிடவில்லை. இந்தியாவின் பதிலடியும் சுகாதார விதியின் வேஷத்தில் வந்த அரசியலே என்பதை நம் தேசம் என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை.

பிறகு ஒமைக்ரான் என்ற உருமாற்றம் வந்தது. இரண்டு தவணை போட்டவரையும் அது தாராளமாகத் தொற்றிற்று. சாவைத் தடுக்கும் சக்தி ஊசிக்கு இருந்ததே ஒழிய, எல்லையில் கிருமியை நிறுத்தும் சக்தி பெரும்பாலும் போய்விட்டது. மஞ்சள் புத்தகத்தோடு இருந்த ஒப்புமை அந்த 2022 தொடக்கத்திலேயே அறுந்துவிட்டது எனலாம். ஆயினும் அமெரிக்கா, வானூர்தி வழியே வரும் அந்நியருக்கான தடுப்பூசி நிபந்தனையை 2023 மே 11 வரை விடாமல் பிடித்திருந்தது. தன் பிரஜைகளிடம் அதைக் கேட்கவுமில்லை.

யாருடைய தோள்மீது பாரம் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகளின் 40ஆம் பிரிவு, குடியேற வருவோர் நீங்கலாக, பிரயாணிகளைத் தனிமையில் வைப்பதற்கு அவர்களிடம் கட்டணம் வாங்கலாகாது என்கிறது. அதற்குக் கட்டுப்பட்ட பிரிட்டன் ஒரு நபருக்கு 1,750 பவுண்டு வாங்கியது, பிறகு 2,285 ஆக உயர்த்தியது. நேரடிப் பிரயாணத்தைத் தடுத்த சவுதி அரேபியாவுக்கு வேலைக்குத் திரும்ப, நம்மவர்கள் நேபாளத்திலோ மாலத்தீவிலோ 14 நாள் சொந்தச் செலவில் தங்க நேர்ந்தது. அதாவது தனிமைக் காவலின் அபாயத்தைச் செல்வ நாடு ஏழை நாட்டுக்கு மாற்றிக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவோ 2021 மே 3 முதல் 15 வரை, இந்தியாவிலிருந்து திரும்பும் தன் சொந்தப் பிரஜைகளையே ஐந்தாண்டுவரை சிறை என்று மிரட்டியது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அலை ஓங்கியிருந்தபோது அங்கிருந்து திரும்பியவர்களை அப்படி மிரட்டவில்லை. இந்த ஓரவஞ்சனை தமிழருக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளரை அன்றைய இலங்கை அரசாங்கம் மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, சோதித்து, அம்மை குத்திய பிறகே கடல் கடக்க விட்டது. அதே நீரிணையைக் கடந்த தோட்டத் துரைமாருக்கு அந்த முகாம் வாசம் விதிக்கப்படவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குற்றம் என்று நான் கருதுவது, உண்மையைச் சொன்னவனைத் தண்டித்தது. 2021 நவம்பர் 25இல் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் புதிய உருமாற்றத்தைக் கண்டுபிடித்து ஒளிவுமறைவின்றி அறிவித்தார்கள். சில நாளுக்குள் பிரிட்டனும் அமெரிக்காவும் பிறரும் ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்கே வாசலைச் சாத்தினார்கள். நெதர்லாந்திலோ நவம்பர் 19, 23 தேதிகளில் எடுத்து வைத்திருந்த மாதிரிகளிலேயே ஒமைக்ரான் இருந்தது என்பது சில நாள் கழித்துத் தெரிந்தது. பிரிட்டன் டிசம்பர் 15இல் 11 ஆப்பிரிக்க நாடுகளைச் சிவப்புப் பட்டியலிலிருந்து எடுத்தது. அமெரிக்கா அந்த மாதம் 31இல் தடையை நீக்கியது. வாங்கிய காலம் சில வாரங்கள். கொடுத்த விலையோ, அடுத்த முறை ஓர் ஏழை நாட்டு ஆய்வுக்கூடம் புதிய கிருமியைக் கண்டால், அறிவிக்கலாமா என்று அதன் அரசாங்கம் ஒரு கணம் யோசிக்கும் நிலை.

ஆகவே அடுத்த தொற்றுக்கு விதி எழுதப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. ஒவ்வோர் எல்லை ஆணையிலும் அது காலாவதியாகும் தேதியை முதல் வரியிலேயே எழுதுங்கள். நீட்டிக்க வேண்டுமானால் ஆதாரத்தை வெளியிட்டு நீட்டியுங்கள். எந்த ஊசி செல்லும் என்பதை உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலுக்கு விட்டுவிடுங்கள். ஒருவரைத் தனிமையில் வைப்பது பொதுநன்மைக்காக என்றால், அதன் செலவும் பொதுப் பொக்கிஷத்தைச் சேர்ந்ததே. புதிய கிருமியை முதலில் அறிவிக்கும் தேசத்துக்கு, மற்றவர் எடுக்கும் நடவடிக்கையால் வரும் நஷ்டத்தை ஈடு செய்ய ஒரு நிதியை இப்பொழுதே ஏற்படுத்துங்கள். அலை வந்தபின் அதைப்பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்காது.