மாடியிலிருந்து கூடத்துக்கு இறங்கிய ஓடு

புது வீடு கட்டுகிறவர்களிடையே சுட்ட மண் ஓட்டுக்கு இப்போது நல்ல மவுசு. கூடத்தில் சிவப்புத் தரை, டிவி மாட்டும் சுவரில் செங்கல் நிற ஓடு என்று பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இயற்கையானது, குளிர்ச்சியானது, பாரம்பரியமானது என்று மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். மூன்றிலும் பாதி உண்மை. மீதிப் பாதி குடிபுகுந்த முதல் மழைக்காலத்தில் தெரிந்துவிடும்.

பாரம்பரியத்தை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டில் தட்டோடு எனப்படும் தட்டையான சுட்ட மண் ஓட்டின் முதன்மையான இடம் மொட்டை மாடி. உத்திரத்தின் மேல் கட்டைகள் பரப்பி, செங்கற்களைக் குத்துவாக்கில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்டு, அதற்கும் மேல் தட்டோடு பதிப்பதுதான் ‘மெட்ராஸ் டெரஸ்’. கான்கிரீட் வந்து உத்திரமும் கட்டையும் போன பிறகும் மேலே ஓடு பதிக்கும் பழக்கம் போகவில்லை. பொதுப்பணித் துறை கட்டடங்களில் 23 செ.மீ. சதுரமும் 2 செ.மீ. கனமும் உள்ள அழுத்த ஓடு பதிப்பது நெடுங்கால வழக்கம். வீட்டுக்குள் ஓட்டுத்தரை இல்லாமல் இல்லை. ஆனால் முற்றம், தாழ்வாரம், திண்ணை என்று காற்றும் வெயிலும் படும் இடங்களில்தான் அது நன்றாக உழைத்தது. செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓட்டையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது சூளையையே பார்க்காத சிமெண்ட் ஓடு.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? மண் ஓடு ஏறத்தாழ 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகிறது. அந்தச் சூட்டில் மண் இறுகும், உருகிக் கண்ணாடியாகாது. உள்ளே நுண்துளைகள் அப்படியே இருக்கும். ஸ்டோன்வேர் எனப்படும் கெட்டி வகை ஓடு 1,200 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெந்து, துளைகள் பெரும்பாலும் அடைபட்டுவிடுவதால், அதன் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் நீர் ஏறுவதில்லை. கையால் வார்த்த மண் ஓடு 15 சதவீதம்கூடக் குடிக்கும். ஒரு கிலோ ஓட்டுக்கு 150 மில்லி தண்ணீர். காய்ந்த ஓட்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் ‘உஸ்’ என்ற ஓசையோடு குமிழிகள் வரிசையாக மேலே வரும். அவை அடங்கும்வரை ஊறவிட்டுத்தான் பதிக்க வேண்டும். அவசரப்பட்டால் கலவையிலுள்ள ஈரத்தை ஓடு இழுத்துக்கொள்ளும், ஒட்டாது. சில மாதங்களில் தட்டிப் பார்த்தால் பொட்டென்று ஓசை வரும்.

உறிஞ்சும் இந்தக் குணம் திறந்த வெளியில் பலம். குடித்த நீரைக் காற்றில் விட்டுவிடும், விடும்போது குளிரும். மூடிய அறையில் அதுவே தொல்லை. தரையிலிருந்து ஓதம் ஏறினால் மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்பு கரைந்து மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். இதைத் தடுக்கிறேன் என்று மேலே பளபளப்பான சீலர் பூசுகிறார்கள். எனக்குச் சரியென்று படாத வேலை இதுதான். கீழிருந்து வரும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல், உப்பு சீலருக்கு அடியில் சேர்ந்து தோல் உரிவதுபோல் படலத்தைப் பெயர்த்துவிடும். மூச்சுவிடும் பொருள் என்று விலை கொடுத்து வாங்கி, அதன் மூக்கைப் பொத்துகிறோம். ஆளி விதை எண்ணெயும் மெழுகும் தேய்ப்பது மேல். ஆனால் அவ்வப்போது தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சமையலறையில் சிந்திய எண்ணெய்க்கும் மஞ்சளுக்கும் அதுவும் போதாது.

குளிர்ச்சி பற்றிய பேச்சிலும் கொஞ்சம் மிகை உண்டு. காலுக்குச் சில்லென்று இருப்பதில் கிரானைட்டை மண் ஓடு மிஞ்சாது. கல் உடற்சூட்டை வேகமாக இழுக்கும். மாடி வெயிலைத் திருப்பி அனுப்புவதில் வெள்ளை ஓடு சிவப்பு ஓட்டைவிட மேலானது. பழைய மாடி வீடுகள் குளிர்ந்ததில் ஓட்டைவிட அடியிலிருந்த சுண்ணாம்பு ஜல்லிக் கனத்துக்குத்தான் பெரிய பங்கு. அந்தக் கனத்தை விட்டுவிட்டு ஓட்டை மட்டும் ஒட்டினால் நிறம் வரும், குளிர்ச்சி வராது.

சுற்றுச்சூழல் கணக்கும் நேர்கோடல்ல. சூடு குறைவு என்பதால் எரிபொருளும் குறைவு என்று சொல்லிவிட முடியாது. பழைய சூளையில் பாதி வெப்பம் வீணாகப் போகிறது. வயலின் மேல்மண்ணை எடுத்துச் சுட்ட ஓட்டை எப்படி இயற்கையோடு இசைந்தது என்பது? கண்மாயில் தூர்வாரிய மண், எரிக்கச் சீமைக்கருவேலம் என்றால் கதை வேறு. மண்ணும் தீராதது அல்ல. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு தொடங்கிய ஓட்டுத் தொழில் அரபிக்கடற்கரை நெடுக ஆலைகளாகப் பரவியது. அவற்றில் பல இன்று இல்லை. களிமண் தட்டுப்பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கைத்திறனில் இன்னொரு சிக்கல். மண் காய்ந்து வேகும்போது பத்தில் ஒரு பங்கு அளவு சுருங்கலாம், அதுவும் எல்லா ஓட்டிலும் ஒரே சீராக அல்ல. ஆகவே இரண்டு மூன்று நூல் இடைவெளி விட்டுப் பதித்தால்தான் வரிசை நேராக நிற்கும். விட்ரிஃபைடு ஓட்டை இடைவெளியே தெரியாமல் ஒட்டிப் பழகிய கைகள் இதையும் அப்படியே நெருக்கிப் பதிக்கின்றன. மூலைகள் ஏறி இறங்குகின்றன, பழி ஓட்டின் மேல் விழுகிறது. கொத்தனாரைக் குறை சொல்லவும் மனமில்லை. சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால் ஊறவைக்கவும் தரம் பிரிக்கவும் அவருக்கு ஏது நேரம்?

சுவருக்கு நடையின் தேய்மானம் இல்லை என்பதால் மெல்லிய ஓடே போதும். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மட்டும் கவனம் வேண்டும்.

மாடி, முற்றம், திண்ணை, நல்ல காற்றோட்டமுள்ள தாழ்வாரம் இவற்றுக்கு மண் ஓட்டை மிஞ்ச எதுவுமில்லை என்பது என் கணிப்பு. சமையலறைக்கும் குளியலறைக்கும் ஸ்டோன்வேரே சரி. தரைத்தளக் கூடத்தில் மண் ஓடுதான் வேண்டுமென்றால், அடியில் ஓதம் ஏறாமல் தடுக்கும் செலவை முதலில் செய்யுங்கள். கடையில் ‘டெரகோட்டா’ என்று காட்டுவது படம் அச்சிட்ட பீங்கான் ஓடாகவும் இருக்கலாம். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மண் ஓடுதான் என்று தெரிந்தபின் இரண்டைக் கையிலெடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்றால் நல்ல வேக்காடு. மொத்தென்றால் அரைவேக்காடு, வாங்காதீர்கள்.