கரையைக் காட்டும் பயணமும் வழியைக் காட்டும் இலக்கியமும்: தென்சென்னைப் புறநகரில் ஆற்றங்கரைக் களப்பயணம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

வரலாற்றையும் புவியியலையும் ஒருசேரக் கற்பிக்கும் முறையாக ஆற்றங்கரைக் களப்பயணம் பள்ளிகளில் போற்றப்படுகிறது. கோவிலம்பாக்கத்தை ஒட்டிய தென்சென்னைப் புறநகரில் அம்முறை நிலத்தின் நீரியல்போடு பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ஆற்றுப்படை நூல்களின் பயண அமைப்பும் பாட்ரிக் கெடிஸின் பள்ளத்தாக்கு வெட்டுமுகமும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: களப்பயணம், ஆற்றுப்படை, ஏரித்தொடர், பள்ளிக்கரணை, அடையாறு, தொண்டைநாடு

ஆறு இல்லாத ஊரில் ஆற்றுப்பாடம்

கோவிலம்பாக்கத்தில் ஆறு இல்லை. மேடவாக்கம் சாலையும் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையும் சந்திக்கும் இவ்வூரைச் சூழ்ந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், நன்மங்கலம் ஏரிகள் உள்ளன. கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பரந்து கிடக்கிறது. அடையாறோ பல்லாவரம்–திரிசூலம் குன்றுகளுக்கு மேற்கே ஓடி, வடக்கே திரும்பிச் சைதாப்பேட்டை வழியாகக் கடலைச் சேர்வது. குன்றுகளின் மேற்குச் சரிவில் விழும் மழை அடையாற்றுக்கும் கிழக்குச் சரிவில் விழும் மழை பள்ளிக்கரணைக்கும் செல்கிறது. இவ்வூர் மாணவர் ஆற்றைக் காண வேண்டுமெனில் தம் நீர்ப்பிடிப்பைவிட்டு வேறொரு நீர்ப்பிடிப்புக்குச் செல்ல வேண்டும்.

இப்பகுதிப் பள்ளியொன்று வரலாறும் புவியியலும் கலந்த ஆற்றங்கரைப் பயணத்தைத் திட்டமிடுமாயின் நினைவுக்கு வரும் இடங்கள் சிலவே. ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் சைதாப்பேட்டையில் கட்டிய பாலத்தின் கல்வெட்டு அவற்றுள் ஒன்று. அப்பாலத்தின் இடத்தில் இன்றிருப்பது மறைமலையடிகள் பெயர் தாங்கிய பாலம். அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா மற்றொன்று. தொலைவுப் பயணமெனில் கீழடி. இவை ஒவ்வொன்றும் காணத்தக்கவையே. எனினும் மூன்றிலும் மாணவர் பேருந்திலிருந்து இறங்குகிறார், ஒரு பொருளைப் பார்க்கிறார், குறிப்பெடுக்கிறார், மீண்டும் பேருந்தில் ஏறுகிறார். ஆறு அங்கே பின்புலமாக மட்டும் நிற்கிறது.

பாடநூலும் இப்போக்குக்குத் துணைசெய்கிறது. பத்தாம் வகுப்புப் புவியியல் காவிரி, பாலாறு, தென்பெண்ணை, வைகை, தாமிரபரணி ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் முதன்மை ஆறுகளாக விரித்துரைக்கிறது. தோன்றும் மலை, துணையாறுகள், நீளம், கலக்குமிடம் என்பது அவ்விரிப்பின் சட்டகம். வரலாற்றுப் பாடமோ ஆற்றங்கரையில் நாகரிகம் தோன்றிற்று என்னும் கூற்றிலிருந்து தொடங்குகிறது. இவ்விரண்டையும் படித்துவிட்டு வரும் மாணவருக்குத் தம் ஊர், ஆறும் இல்லாத வரலாறும் இல்லாத இடமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

உண்மை வேறு. இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாகக் கருதப்படும் கைக்கோடரியை இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில்தான் கண்டெடுத்தார். அது கோவிலம்பாக்கத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள செம்புரைச் சரளை நிலம், ஆற்றங்கரை அன்று. அதே ஆண்டு செப்டம்பரில் கொற்றலையாற்றுப் பகுதியின் அத்திரம்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்த கருவிகளே பாடநூலில் மிகுதியும் பேசப்படுகின்றன. அத்திரம்பாக்கத்தின் சிறப்பைக் குறைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அங்கு நிகழ்த்திய ஆய்வு அவ்விடத்தின் காலத்தைப் 15 இலட்சம் ஆண்டுகள் வரை பின்தள்ளியது. ஆனால் பல்லாவரத்துக்கு மிக அருகில் பயிலும் பிள்ளைகளுக்கு அக்கண்டெடுப்பு ஒரு மதிப்பெண் வினாவுக்கு மேல் எதுவாகவும் ஆவதில்லை.

‘ஆறு’ என்னும் சொல்

தமிழில் ‘ஆறு’ நீரோட்டத்தையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். ஆற்றுப்படுத்தல் என்பதன் பொருள் வழிப்படுத்தல். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் உட்பட ஐந்து நூல்கள் இவ்வகையின. பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்பட்ட கலைஞனுக்கு வழிசொல்வது அவற்றின் கட்டமைப்பு. களப்பயணம் குறித்த தமிழ்ச் சிந்தனை வேறெங்கும் தேட வேண்டியதில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை நம் பகுதியின் நூல். காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனை நோக்கியது. அதில் பாணன் காஞ்சியை அடையுமுன் கடக்கும் நிலங்கள் காட்சிகளாக நின்றுவிடுவதில்லை. உப்பு வணிகரின் வண்டித்தொடர் வருகிறது. எயினர் குடியிருப்பில் பெண்கள் வன்னிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுக்கிறார்கள். ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் என ஒவ்வொரு குடியினரும் தத்தம் தொழிலின் விளைவையே உணவாக இடுகின்றனர். நிலத்தின் இயல்பு தட்டில் வந்து சேர்கிறது எனலாம். நீர்ப்பெயற்று என்னும் துறைமுகமும் வழியிலேயே வருகிறது. பயணத்தின் முடிவிடமாக அன்று. நிலம், அதில் கிடைக்கும் நீர், அந்நீரால் அமையும் தொழில், தொழிலால் அமையும் உணவு என்னும் தொடர்ச்சியைக் கேட்பவன் வழிநடையிலேயே உணர்ந்துகொள்கிறான்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆற்றுப்படை புரவலனைப் புகழும் இலக்கியம். அதில் வரும் குடியினர் அனைவரும் விருந்தோம்புவர்; எவரும் வழிமறித்து முறையிடுவதில்லை. நில உரிமை பற்றியோ நீர்ப்பங்கீடு பற்றியோ எழும் பூசலுக்கு அவ்வமைப்பில் இடமில்லை. ஆகவே அதனை அப்படியே கல்விமுறையாக ஏற்பது பழம்பெருமை பேசுதலாக முடியும். நாம் கொள்ளத்தக்கது அதன் நடைமுறை: போய்ச் சேருமிடத்தைவிட வழிக்கு மிகுந்த இடமளித்தல், ஒவ்வொரு நிலத்திலும் வாழ்வாரைத் தொழிலோடு சேர்த்துக் காணல்.

இதே நடைமுறை கீழடிக்குப் பின்னாலும் உள்ளது. அவ்வகழாய்வுக்கு முன்பு இந்தியத் தொல்லியல் துறையினர் வைகையின் இரு மருங்கிலும் கள ஆய்வு மேற்கொண்டு 293 இடங்களைப் பட்டியலிட்டனர். அவற்றுள் ஒன்றே கீழடி. 2023இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குச் செல்லும் மாணவர் கண்டெடுத்த பொருள்களைக் காண்கிறார். கண்டெடுத்த முறை, அதாவது ஆற்றின் வழியே ஊர் ஊராகச் சென்று மேட்டையும் ஓட்டுச்சில்லையும் உற்றுநோக்கிய முறை, அவருக்குக் கிட்டுவதில்லை. முடிவு கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளது. முறை அதற்கு வெளியே நின்றுவிட்டது.

தொல்காப்பியப் பூங்காவின் பெயரும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. கருப்பொருள்களுள் பறவையும் மரமும் மட்டுமின்றித் தொழிலையும் சேர்த்தவர் தொல்காப்பியர். கழிமுகத்தைச் சுற்றி இன்றும் மீனவர் குப்பங்கள் உள்ளன. அப்பெயரைத் தாங்கிய இடத்தில் நெய்தலைக் கற்பிக்கும் ஆசிரியர் வேலிக்கு அப்பாலுள்ள வலைகளையும் பாடத்தில் சேர்த்துக்கொள்வதே அப்பெயருக்குப் பொருத்தம்.

சரிவு தெரியாத நிலம்

மேலைக் கல்விமரபில் இதற்கு நெருங்கிய கருத்தொன்றைக் காண்கிறோம். ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் மலையுச்சியிலிருந்து கடல்வரை ஒரு பள்ளத்தாக்கை நெடுக வெட்டிக் காட்டும் வரைபடத்தைக் கல்விக்கருவியாக்கினார். சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுவோன், வேட்டுவன், மேய்ப்பன், உழவன், மீனவன் ஆகியோர் அச்சரிவில் உயர வரிசைப்படி நிற்பர். 1915இல் அவருடைய நகரக் கண்காட்சி சென்னையிலும் நடைபெற்றது. திணைக் கோட்பாட்டை அறிந்தோர்க்கு இவ்வரைபடம் புதிதாகத் தோன்றாது.

ஆனால் கெடிஸின் வரைபடம் கோவிலம்பாக்கத்தில் பயன்படாது. இங்கு நிலத்தின் சரிவு கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறியது. எந்தத் திசையில் தாழ்வு என்பதை அடைமழை நாளில் தெருவில் ஓடும் நீரை வைத்தே அறியலாம். அத்தகைய நிலத்தின் சரிவை நூற்றாண்டுகளுக்கு முன்பே துல்லியமாக அளந்து வைத்த கருவி ஒன்று உண்டெனில் அது ஏரி. தாழ்ந்த பக்கம் மட்டும் வளைந்து கிடக்கும் கரை, நீரை வயலுக்கு விடும் மதகு, நிறைந்த நீரைக் கீழ் ஏரிக்கு அனுப்பும் கலங்கல், மேலிருந்து கொணரும் வரத்துக்கால்வாய் ஆகிய நான்கையும் அடையாளம் காணத் தெரிந்த மாணவர் நிலவரைபடம் இல்லாமலே சரிவைப் படித்துவிடுவார். தொண்டைநாட்டின் ஆறு துண்டுதுண்டாக ஏரிகளில் தங்கித் தங்கிச் செல்லும் ஆறு. அதற்கு ஆதனூர்ப் பகுதி ஏரிகளிலிருந்து தொடங்கும் அடையாறே சான்று.

கிழக்குச் சரிவில் செம்பாக்கம் ஏரியின் மிகைநீர் நன்மங்கலத்துக்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளைக்கும், பின் நாராயணபுரத்துக்கும், முடிவில் பள்ளிக்கரணைக்கும் செல்லும். சதுப்புநிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணையின் பரப்பு ஏறத்தாழ 1,248 எக்டேர். உள்ளூர் மக்கள் அதனைக் கழுவெளி என்பர். ஒரு பாடநூல் கலைச்சொல்லைவிட நிலத்தின் தன்மையை நன்கு உணர்த்தும் சொல் அது.

இத்தொடரின் வரலாறும் ஆவணங்களில் உள்ளது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் பேசப்படுகிறது. தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சாகீரில் நிகழ்த்திய அளவையின்போது தொகுக்கப்பட்ட ஓலைக்கணக்குகள், விளைச்சலில் ஏரிக்கென ஒதுக்கிய பங்கையும் ஊர்ப்பணியாளர்க்குரிய பங்கையும் பதிவுசெய்துள்ளன. நீர்க்கட்டி என்னும் பணியாளர் மதகைத் திறந்து மூடிய முறை முதியோர் நினைவில் இன்னும் உள்ளது. வாய்மொழி வரலாற்றுக்கு இதனினும் ஏற்ற களம் கிடைப்பது அரிது. கீழ்க்கட்டளை ஏரிக்கரையிலிருந்து நாராயணபுரம் வழியாகச் சதுப்புநில விளிம்புவரை நடக்கும் தொலைவு ஒரு முற்பகலுக்குள் அடங்கும். பேருந்துக் கட்டணம் இல்லை. ஆகவே கட்டணம் செலுத்த இயலாத பிள்ளை வகுப்பறையில் விடப்படுவதும் இல்லை.

கரையிலிருந்து பெயர்க்கப்பட்டோர்

இவ்வழிநடை எளிதன்று. ஏரியைப் பின்தொடரும் மாணவர் ஓரிடத்தில் ஏரி நின்றுபோயிருப்பதைக் காண்பார். பல்லாவரம் பெரிய ஏரியை ரேடியல் சாலை இரண்டாகப் பிளந்து செல்கிறது. அதே சாலை கிழக்கே சதுப்புநிலத்தையும் ஊடறுக்கிறது. வரத்துக்கால்வாய் இருந்த இடத்தில் வீடுகள். அவ்வீடுகளுள் ஒன்று உடன்வரும் மாணவருடையதாகவும் இருக்கலாம். ‘ஆக்கிரமிப்பு’ என்னும் சொல்லை அவ்விடத்தில் ஆசிரியர் எவ்வாறு சொல்லப்போகிறார் என்பதில்தான் இப்பயணத்தின் அறம் அடங்கியுள்ளது. பட்டா பெற்ற அடுக்ககம், அரசு அமைத்த சாலை, பெருங்குடிக் குப்பைக்கிடங்கு, ஓலைக்குடிசை ஆகிய நான்கும் ஒரே நீர்வழியில் உள்ளன. குடிசையை மட்டும் சுட்டிக்காட்டுவது நீரியலும் ஆகாது, வரலாறும் ஆகாது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் நிகழ்ந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடிவரை திறக்கப்பட்ட நீர் அடையாற்றில் பெருக்கெடுத்தது. அதன்பின் கரையோரக் குடியிருப்புகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கம் முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்டன. பெரும்பாக்கம் பள்ளிக்கரணையின் நீர்ப்பிடிப்பிலேயே அமைந்தது. மழைக்காலத்தில் அங்கும் நீர் தேங்குகிறது. ஒரு நீர்வழியிலிருந்து பெயர்க்கப்பட்டோர் மற்றொரு நீர்வழியில் வைக்கப்பட்டனர். அடையாற்றுக்கும் பள்ளிக்கரணைக்கும் இடையே நிலத்தில் இல்லாத இணைப்பு இக்குடும்பங்களின் வாழ்வில் உள்ளது.

அப்பிள்ளைகளை ஆற்றங்கரைப் பயணமாகச் சைதாப்பேட்டைக்கு அழைத்துச் சென்று உஸ்கானின் கல்வெட்டைக் காட்டுவதாகக் கொள்வோம். அக்கரையில் தம் வீடு இருந்த இடத்தை அவர்கள் ஆசிரியரினும் நன்கறிவர். அந்த அறிவைக் கேட்டுப் பெறாத பயணம் எத்தனை நினைவுச்சின்னங்களைக் காட்டினும் குறையுடையதே. கலைத்திட்டக் கட்டமைப்பு 2005 பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு அறிவை இணைக்க வேண்டும் என்றது. பாதுகாப்பான சுற்றுலா என்னும் அளவில் அதனைச் சுருக்கிக்கொண்டோம்.

காலத் தேர்வும் இச்சுருக்கத்துக்குச் சான்று. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை விடுமுறைகளும் அரையாண்டுத் தேர்வும் வருகின்றன. பயணத்துக்கு எஞ்சுவது நீர் வடிந்து அடங்கிய தை, மாசி. மாணவர் காண்பது நீர்வழியின் ஓய்வுக்காலத்தை மட்டுமே. மழைநாளில் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்ல எவரும் துணியார், துணியவும் கூடாது. ஆயினும் மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறையும் மழைக்குப் பின் மார்கழி இறுதியில் ஒருமுறையும் அதே வழியே நடந்தால் இரண்டுக்கும் இடையே நிகழ்ந்ததை மாணவரே உய்த்துணர்வர்: கலங்கலில் ஒதுங்கிய செத்தை, கரையில் புதிதாக விழுந்த அரிப்பு, நீர்மட்டம் ஏறிய அடையாளம்.

அவ்வடையாளங்களை அளந்து எழுதும் பணியை ஒன்பதாம் வகுப்பு மாணவர் செய்யலாம். நூலும் அளவுநாடாவும் ஒரு பதிவேடும் போதும். தெருவின் பெயர், சுவர், தரையிலிருந்து கறையின் உயரம், அவ்வீட்டில் வாழ்வோர் கூறும் நாள் ஆகியவற்றை ஆண்டுதோறும் ஒரே பதிவேட்டில் சேர்த்துவரின் அது இவ்வூரின் நீர்வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாகும். 2015ஆம் ஆண்டின் கறைகளுக்கு இப்போதே விரைய வேண்டும். ஒவ்வொரு பொங்கலுக்கும் சில சுவர்களில் அவை வெள்ளையடித்து மறைக்கப்பட்டு வருகின்றன.